பாப்பா பங்காருபேட்டையிலேயே இருக்கட்டும்

கண்ணு,

எப்போதும் "இங்கே எல்லாரும் சௌக்கியம்" என்று ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் கடிதம் வந்தது. வசந்தாவுக்கு டெலிபோன் ஆபீசில் லீவு முடிகிறது, நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் பெங்களூரில் அந்த ஒற்றை அறையில் பாப்பாவைப் பார்க்க ஆளில்லை, "நீ ஆசைப்பட்டபடியே உன்னிடம் விடுகிறோம், அடுத்த மாதம் மாரிகுப்பம் கொண்டுவருகிறோம்" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை உன் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அது போதாமல் குழாயடிக்கும் எடுத்துக்கொண்டு போனேன். குடம் நிரம்பி வழிவது தெரியாமல் நின்று எல்லாரிடமும் என் பேத்தி வருகிறாள் என்று சொன்னேன். இதற்காக நான் எத்தனை அடம் பிடித்தேன் என்பது உனக்குத் தெரியும். இப்போது நானே எழுதுகிறேன். கொண்டுவராதே. பாப்பா பங்காருபேட்டையிலேயே, உன் மாமியாரிடமே இருக்கட்டும். காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கு மனசு பெரிதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். அப்படி ஒன்றும் ஆகவில்லை. உன் மாமியார் மேல் எனக்கிருந்த பொறாமை ஒரு துளி குறையவில்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அடிவயிற்றில் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அவள் பட்டுப்புடவை கட்டட்டும், கழுத்து நிறையப் போட்டுக்கொள்ளட்டும், அவள் வீட்டுக்காரர் பங்காருபேட்டைக் கடைத்தெருவில் இன்னும் இரண்டு கடை வைக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பாப்பா அவள் தோளில் சாய்ந்து கொட்டாவி விடுகிறதே, அதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கொட்டாவியில் எனக்குப் பங்கு இல்லையா? பாப்பாவுக்கு என் நெற்றி, உன் நைனாவின் காது. வெளியே தெரிவதெல்லாம் நம்முடையது. தூக்கிவைத்திருக்கிற கை மட்டும் அவளுடையது.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். பிரசவம் தாய்வீட்டில், அது முறை, அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் பிறந்த குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைப்பது தகப்பனைப் பெற்றவள், அது எங்கள் பக்கத்து முறை. யார் விரலோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும். உன் பாட்டி உனக்கு வைத்தாள், அதனால்தான் நீ இப்படி நிதானமாகப் பேசுகிறாய் என்று இன்றைக்கும் சொல்வேன். வலி எடுத்துவிட்டது என்று சேதி வந்ததும் கற்கண்டு முடிச்சை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடினேன். ரயில் கோரமண்டல் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. என்ன கோளாறோ, கார்டு இறங்கிப் போவதும் வருவதுமாக இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பாவைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, உன் மாமியார் மடியில் வைத்திருந்தாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க. பேத்தி பொறந்துட்டா" என்றாள்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். "கொஞ்சம் தண்ணி குடுங்க, நாக்குல தொட்டு வெச்சுடறேன்."

"அது அப்பவே வெச்சாச்சே. வீல்னு கத்திச்சு. ஒங்க ரயிலைப் பார்த்துக்கினு ஒக்காந்திருக்க முடியுமா?"

"எங்க பக்கத்துல அப்பனைப் பெத்தவதான் வெக்கணும்."

"எங்க பக்கத்துல பசிச்ச வாய்க்கு யாரு கிட்ட இருந்தாலும் வெப்போம்."

என்ன பேச்சு பார்த்தாயா? சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கற்கண்டைத் திரும்பும் வழியில் ரயிலில் நானே தின்றேன்.

பெயர் வைத்த அன்று அவள் வீட்டுக் கூடத்தில் சாப்பாடெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, யார் விரல் முதலில் என்ற பேச்சு திரும்பவும் வந்தது. நான்தான் எடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீ சமாதானம் பண்ணுகிறேன் என்று பெங்களூரில் செய்கிற உன் ஆராய்ச்சியை அவிழ்த்தாய். "ரெண்டு பேரும் வெக்காம இருந்தா இன்னும் நல்லதும்மா. மொதல்ல அம்மாவோட சீம்பால்தான் உள்ள போவணும்" என்றாய். உன் மாமியார் விடுவாளா? "நாங்க சக்கரத் தண்ணி வெச்சுதான் வசந்தா வளந்தா. இன்னா கொறைஞ்சு பூட்டா?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான், ஆனால் அவள் கேட்டதால் நான் உன் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் குடல் காலி வீடு. பிறக்கும்போது தாய் உடம்பிலிருந்தும், அப்புறம் பாலிலிருந்தும், தூக்குகிறவர்கள் கையிலிருந்தும் வாயிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உள்ளே குடி வருகின்றன. கிருமி என்றால் எல்லாமே நோய் இல்லை. முக்கால்வாசி நல்ல குடித்தனம். சோற்றைச் செரிக்க உதவும், உடம்புக்கு வேண்டிய சத்துகூடச் செய்து கொடுக்கும். இவ்வளவு சொன்னதும் உன் நைனா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நம்ம சுரங்கத்து லைன் வீடு மாதிரி சொல்லு. எல்லா ரூம்லயும் நல்லவன் குடி வந்துட்டான்னா திருட்டுப் பய எங்க வந்து தங்குவான்?" என்றார்.

"அதேதான் நைனா. இன்னொண்ணும் கீது. உடம்புல காவக்காரங்க கீறாங்க. ஆள் நடமாட்டம் இருந்தாதான் அவங்க வேலை கத்துக்குவாங்க. யாரு நம்ம ஆளு, யாரு வெளியாளுன்னு மொகம் பார்த்துப் பழகணும்."

"சுரங்கத்துலேர்ந்து ஏறி வந்ததும் ஷாப்ட் மேல நின்னு எங்களைத் தடவிப் பார்ப்பானே வாட்ச்மேன், அவன் மாதிரி" என்றார் அவர். "புதுசா வந்தவன் எல்லாரையும் திருடன்னு புடிப்பான். பழகினவன் எங்களை வுட்டுட்டு, சோத்து டப்பாவுல தங்கக் கல்லு வெச்சவனை மட்டும் புடிப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு கணக்கு ஓடியது. "ஏன்டா, அப்போ மொதல்ல குடி வந்தவங்களுக்குத்தான் செல்வாக்கா?" என்று கேட்டேன். நீ யோசிக்காமல் "கொஞ்சம் ஜாஸ்திதாம்மா" என்றாய். உன் மாமியார் பாப்பாவை இன்னும் கொஞ்சம் மார்போடு அணைத்துக்கொண்டாள். அதை நீ பார்த்தாயோ இல்லையோ, நான் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கப்புறமும் வந்துக்கினே இருப்பாங்க. கொழந்தை நடந்து ஓடி, சோறு தின்ற வரைக்கும் குடி மாறிக்கினேதான் இருக்கும்" என்று சேர்த்துச் சொன்னாய். நீ ஆறுதலுக்குச் சொன்னாய். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் இன்னும் இடம் இருக்கிறது. நடப்பதற்குள் பாப்பா என் கைக்கு வந்துவிட வேண்டும்.

அதற்கப்புறம்தான் உன் ஆராய்ச்சிக் கூடத்தைப் பார்க்க வருகிறேன் என்று நச்சரித்தேன். மகன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசை என்று நீ நினைத்திருப்பாய். ஆசை இல்லாமல் இல்லை. சுரங்கத்தில் கல் துளைக்கிற மிஷின்காரர் மகன் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பதைக் கண் நிறையப் பார்த்தேன். ஆனால் உண்மையில் நான் வந்தது ஒரு சாட்சி தேடி. நீ என்னை அந்தக் கண்ணாடி மாதிரியான பெட்டியின் முன்னால் நிறுத்தினாய். முட்டையை மருந்துத் தண்ணியில் முக்கி, அந்தப் பெட்டிக்குள்ளேயே பொரிக்கவைத்து, வடிகட்டின காற்று, வேகவைத்த தீனி, ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்க்கிற குஞ்சுகள். பெட்டியின் பக்கத்தில் முழங்கை வரைக்கும் ரப்பர் உறை தொங்கியது. அதற்குள் கையை விட்டுத்தான் நீங்கள் தீனி போடுகிறீர்கள். குஞ்சுகள் நன்றாகத்தான் இருந்தன. மஞ்சள் பஞ்சு மாதிரி, கொழுகொழுவென்று, என் கோழிக்குஞ்சுகளைவிடச் சுத்தமாக. "இதுக்கு இன்னாடா கொறைச்சல்?" என்று கேட்டேன்.

"பொட்டிக்குள்ள இருக்கற வரைக்கும் ஒரு கொறைச்சலும் இல்லம்மா. வெளிய எடுத்தாதான்."

அப்புறம் தட்டில் விரித்துக் காட்டினாயே இரண்டு குடல், எனக்கு அது கண்ணைவிட்டுப் போகவில்லை. பெட்டிக் குஞ்சின் குடல் வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசு, அதற்குப் பின்னால் பிடித்த உன் விரல் தெரிந்தது. கோழியோடு வளர்ந்த குஞ்சின் குடல் தடிப்பாக, உள்பக்கம் சொரசொரவென்று டர்க்கி டவல் மாதிரி. குடலின் ஓரத்தில் காவல்காரர்கள் கூடுகிற கொட்டடி என்று ஒரு முடிச்சைக் காட்டினாய். கோழியோடு வளர்ந்ததில் அது உளுந்து அளவு. பெட்டிக் குஞ்சில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இதை நான் வந்து சொன்னபோது உன் நைனா, "சுரங்கத்துல ஆள் போவாத லெவல் மாதிரின்னு சொல்லு. வேலை நடக்கற லெவல்லதான் மரம் முட்டுக் குடுப்பாங்க, மேல கல்லு உழுமான்னு பார்ப்பாங்க. ஆளில்லாத எடத்துக்கு யாரு முட்டுக் குடுப்பான்?" என்றார். குடித்தனக்காரர்கள் உள்ளே நடமாடுவதால்தான் சுவரே சுவராகிறது, காவலே காவலாகிறது. நான் இவ்வளவுதான் புரிந்துகொண்டேன், தப்பாக இருந்தால் திருத்து.

அடுத்த அறையில் சாதாரணக் குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்தவுடனே பெரிய கோழியின் குடலில் இருப்பதைத் தண்ணியில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்திருந்தீர்கள். கழிச்சல் கிருமியை வேண்டுமென்றே விட்டும் அவை ஓடியாடிக்கொண்டிருந்தன. கொடுக்காத குஞ்சுகள் மூலையில் ஒடுங்கி, பின்பக்கம் ஒட்டிப்போய் நின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். கிடைத்துவிட்டது சாட்சி. "பாத்தியா, பெத்த கோழியோடது உள்ள போனாதான் பொழைக்குது" என்றேன்.

"பெத்த கோழின்னு இல்லம்மா. எந்தக் கோழியா இருந்தாலும் சரிதான்."

"எந்தக் கோழியா இருந்தாலுமா?"

"நோய் இல்லாத கோழியா இருக்கணும். அவ்ளோதான்."

ரயிலில் பெங்களூர் கண்டோன்மென்டிலிருந்து பங்காருபேட்டை வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் மென்றுகொண்டு வந்தேன். எந்தக் கோழியாக இருந்தாலும் சரி. இதைச் சொல்லவா உன்னை இவ்வளவு படிக்கவைத்தேன்? வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன், அவர் என் எரிச்சலில் எண்ணெய் ஊற்றினார். நம் கறுப்புப் பெட்டையின் முட்டைகளைப் பக்கத்து வீட்டு அடைக்கோழிக்கு வைத்தோமே, குஞ்சுகள் நம் வாசலில் தீனி தின்றுவிட்டு அந்தக் கோழி பின்னாலேயே ஓடினவே, அதை ஞாபகப்படுத்தினார். "முட்டை ஒன்னுது, அடை அவங்களுது. இப்போ எதுக்கு ஒப்பாரி?" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உனக்கு எழுதின கடிதங்களில் இருக்கிறது. உன் பாடத்தையே உனக்குத் திருப்பிச் சொன்னேன். பங்காருபேட்டையில் அவள் பாப்பாவைக் கீழே விடுவதில்லை, தரையைத் துடைத்துத் துடைத்துப் பாயில் வைத்திருக்கிறாள், என் வாசலுக்கு வந்தால் கோழி இருக்கிறது, மண் இருக்கிறது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருக்கின்றன, உன் பெட்டிக் குஞ்சு மாதிரி பாப்பாவை வளர்க்கப் போகிறாயா என்று கேட்டேன். நியாயம் மாதிரி இருந்தது, இல்லையா? அதற்குள்ளே இருந்தது முழுக்கப் பொறாமை. ஒருநாள் நானும் நைனாவும் பங்காருபேட்டைக்கே போய்விட்டோம், நேரில் கேட்டுவிடலாம் என்று. உன் நைனா கூடத்தில் உட்கார்ந்ததும் இருமல் வந்தது. அடங்கவில்லை. உன் மாமியார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய், கதவருகே நின்றபடி பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. அண்ணன் இப்படி இருமறாரே. பச்சக் கொழந்தை இருக்கற எடம்."

"எங்க ஊர்ல இருமாத ஆம்பள யாரு? அது கல்லு தூசி. கீழ எறங்கி மிஷின் புடிச்சவங்களுக்கு வர்றது. அது யாருக்கும் ஒட்டாது. ஒங்க ஊட்டுக்காரரு கடையில ஒக்காந்து தராசு புடிச்சவரு, ஒங்களுக்கு இன்னா தெரியும்?"

"தூசி ஒட்டாது, சரி. அது தூசிதானான்னு யாரு பார்த்தாங்க?"

நான் உன் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இலை போட்டிருந்தாள், நாங்கள் சாப்பிட உட்காரவில்லை. அன்றைக்குத்தான் உனக்கு எழுதினேன், உன் மாமியார் உன்னைப் பெற்றவரைக் கூடத்தில் உட்காரவைத்து அவமானப்படுத்தினாள் என்று. அந்தக் கடிதத்துக்குப் பதிலாகத்தான் நீ பாப்பாவை என்னிடம் விடுவதாக எழுதினாய். உனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பெற்றவனுக்காக வந்த ரோஷம், அதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

இப்போது கேள். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. குழந்தை வருகிற வீடு, இவரையும் கொஞ்சம் தேற்றிவிடலாம் என்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலமானால் உடம்பு வெதுவெதுவென்று இருக்கிறது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நான் தூசி மருந்து வாங்கத்தான் போனேன். புதிதாக வந்திருக்கிற லேடி டாக்டர் நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார், சளியை டப்பாவில் வாங்கிக்கொண்டார். அப்புறம் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். தூசியும் இருக்கிறது, டி.பி.யும் இருக்கிறது. எத்தனை நாளாகவோ. இந்த ஊரில் எல்லா ஆண்களும் இருமுவதால் எந்த இருமலையும் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை, தூசி என்று நினைத்துக்கொண்டே வைத்திருந்துவிட்டுக் கடைசியில் வருகிறார்கள் என்று கோபித்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷத்தில் உன் நைனா ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது உன் மாமியார்தான். உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாளே, அந்தக் கேள்வி. அவள் கேட்டது சரி. கண்ணு, அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

டாக்டரிடம் நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டேன். உடம்பில் காவல்காரர்கள் இருப்பார்களே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "யாரும்மா ஒங்களுக்கு இதெல்லாம் சொன்னது?" என்றார். என் மகன் என்றேன். அப்போதும் பெருமை விடவில்லை. கல் தூசியைத் தின்று நுரையீரலில் இருக்கிற காவல்காரர்கள் செத்துப்போகிறார்களாம். வாட்ச்மேன் செத்துக் கிடக்கிற வாசலில் திருடன் நடந்தே உள்ளே போகலாம், அதனால்தான் மிஷின் பிடித்தவர்களுக்கு இந்த நோய் சுலபமாக வருகிறது என்றார். பச்சைக் குழந்தையின் காவல்காரர்களோ இன்னும் வேலைக்கே சேராதவர்கள். ஒரே கூரைக்குக் கீழே இந்த இருமலும் அந்தக் குழந்தையும் இருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று. ரொம்ப நாள் விடாமல் போட வேண்டுமாம். விடாமல் போட்டால் இருமலில் இருக்கிற கிருமி இல்லாமல் போய்விடும் என்று தைரியம் சொன்னார். என்னையும் படம் எடுத்துப் பார்த்தார்கள், இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுதினேன் என்று நினைக்காதே. அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். இவரைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் படுக்கவைத்துவிட்டு முன்னறையில் பாப்பாவை வைத்துக்கொண்டால் என்ன? தட்டு, டம்ளர் தனியாக வைத்தால்? உன்னிடம் மட்டும் சொல்லாமல் இருந்தால்? மருந்துதான் ஆரம்பித்தாயிற்றே. நீங்கள் வருவதற்குள் குறைந்துவிடாதா? குழாயடியில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேனே, இப்போது என்ன சொல்வது? பங்காருபேட்டைக்காரி ஜெயித்துவிட்டாள் என்றா? இப்படியெல்லாம் என் புத்தி போயிற்று. என் வயிற்றில் பிறந்தவன் நீ, உனக்குத் தெரிய வேண்டும். பொறாமை வந்தவள் கண்ணுக்குக் குழந்தைகூடக் குழந்தையாகத் தெரிவதில்லை. வாங்க வேண்டிய சாமானாகத் தெரிகிறது.

உன் நைனா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடி, எழுதிட்டியா?" என்றார்.

"எதை?"

"கொண்டாராதேன்னு."

"நீங்க சும்மா கெடங்க. யோசிச்சுக்கினு கீறேன்."

"இதுல யோசிக்க இன்னா கீது? ஒன் புள்ள சொன்னானே, எந்தக் கோழியா இருந்தாலும் நோய் இருக்கக் கூடாதுன்னு. நாந்தான்டி சீக்குக் கோழி." சொல்லிவிட்டு இருமினார். துணியை வாயில் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"அங்கேயே இருந்தா அது அவ பின்னாடிதான் ஓடும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஓடட்டும். ஓடறதுக்குக் கால் வேணுமில்ல? மூச்சு வேணுமில்ல?"

அதனால் எழுதுகிறேன். கொண்டுவராதே.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெயர் வைத்த அன்று நைனா பாப்பாவை மடியில் வைத்திருந்தார். அதனால் பாப்பாவை டாக்டரிடம் காட்டு. டி.பி. வராமல் போடுகிற ஊசி போட்டாயிற்றா என்று பார். நீயும் வசந்தாவும் நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போய் விஷயத்தைச் சொன்ன பிறகு உன் மாமியாரையும் எடுத்துக்கொள்ளச் சொல். இதற்கெல்லாம் நீ வெட்கப்படாதே, நான் பட்டது போதும். இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்தப் பயத்தில் பாப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிடாதே. நீ படித்தவன், படித்தவர்களுக்குப் பயமும் பெரிதாக வரும். ஒரு திருடன் வந்தான் என்பதற்காக லைனில் இருக்கிற எல்லாக் குடித்தனத்தையும் காலி பண்ணக் கூடாது. வசந்தா சனி ஞாயிறு போகும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுக்கட்டும். பாப்பா தவழட்டும். தரையைத் தடவிக் கையை வாயில் வைத்தால் கத்தாதே. பங்காருபேட்டைத் தெருவில் தெலுங்கு பேசுகிறவள், கன்னடம் பேசுகிறவள் எல்லாரும் தூக்கட்டும், இருமுகிறவர்களைத் தவிர. பல் வந்ததும் உன் மாமியார் தயிர்சோறு பிசைந்து அவள் கையாலேயே ஊட்டட்டும். எழுதும்போதே விரல் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன், அவள் கையாலேயே ஊட்டட்டும். அவளுக்கு நோய் இல்லை. பாப்பாவின் குடல் சுவர் தடிப்பாக வளர அவள் கை போதும். என் கைதான் வேண்டும் என்று உன் சாஸ்திரத்தில் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

உன் மாமியாரிடம் விஷயத்தை நீ சொல்ல வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை பங்காருபேட்டை போகிறேன். உள்ளே போக மாட்டேன், பாப்பாவைத் தொட மாட்டேன், வாசலில் நின்று நானே சொல்கிறேன், நீங்கள் கேட்டது சரி என்று. அவள் என்ன சொல்வாளோ தெரியாது. சமாதானமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால்தான் எனக்குக் கஷ்டம். அவள் முகத்தைக் கோணிக்கொண்டால் நிம்மதியாகத் திரும்பி வருவேன். பாப்பா முதலில் "அவ்வா" என்று அவளைத்தான் கூப்பிடப் போகிறது. "ஆயா" என்று என்னைக் கூப்பிட வெகுநாள் ஆகும். கூப்பிட்டதும் எனக்கு எழுதாதே, யாரை முதலில் கூப்பிட்டது என்று நான் கேட்டாலும் சொல்லாதே.

கடைசியாக ஒன்று. போன முறை நீ வந்தபோது உன் பையில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் என் பழைய புடவை ஒன்றை மடித்து வைத்தேன். பாப்பாவுக்கு ஏணை கட்ட என்று சொன்னேன். அதை நான் துவைக்காமல் வைத்தேன். நாள் முழுக்கக் கட்டியிருந்து, என் வாடையோடு வைத்தேன், பங்காருபேட்டையில் தூங்கினாலும் பாப்பா எனக்குள்ளே தூங்கட்டும் என்று. அதை நைனாவின் கட்டிலுக்கு மேலே இருக்கிற கொடியில்தான் போட்டு வைத்திருந்தேன். இருமல் பட்ட துணியைக் கொதிக்க வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கொதிக்க வைத்தாலும் அது இனி வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பங்காருபேட்டை போய் அந்த ஏணையை அவிழ்த்துவிடு. உன் மாமியாரிடம் நன்றாக நைந்த பருத்திப் புடவையாக ஒன்று கேட்டு வாங்கிக் கட்டு. அவள் கட்டிக் கழற்றினதாக இருக்கட்டும், துவைக்கக்கூட வேண்டாம்.

நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

மாரிகுப்பத்திலிருந்து,
உன்னைப் பெற்றவள்